தேய்ந்த ரூபாயும் தரச் சீட்டும்

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் இரு பொருள் தருவது. கையில் புழங்கும் காசும் நாணயம்; சொன்ன சொல் பிறழாது நடக்கும் ஒழுக்கமும் நாணயம். 'அவர் நாணயமானவர்' என்று ஒருவரைப் பாராட்டும்போது, அவர் மடியில் எவ்வளவு காசு இருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் வந்து கூடியிருப்பது மிகவும் பொருத்தமே. காசு என்பது அடிப்படையில் ஒரு வாக்குறுதி. 'இதில் இத்தனை எடை உலோகம் உண்டு, அதன் மாற்று இவ்வளவு' என்று அதை அடித்து வெளியிட்டவன் தரும் சொல்லே அதன் முகத்தில் முத்திரையாக நிற்கிறது. அந்தச் சொல்லை நம்பும்வரை காசு செல்லும். நம்பிக்கை போய்விட்டால் அது வெறும் உலோகத் துண்டு.

நம்புவதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணமும் காசோடு உடன்பிறந்ததே. சங்கப் புலவர்களின் பெயர்களை நோக்குங்கள். வடம வண்ணக்கன் தாமோதரனார், வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் என்று 'வண்ணக்கன்' என்னும் அடைமொழி புலவர் பலருக்கு உண்டு. பொன்னையும் காசையும் சோதித்து மாற்று உரைப்பவனே வண்ணக்கன். பிற்காலத்தில் நோட்டக்காரர் என்றும், சராப்பு என்றும் இத்தொழிலாளர் பெயர் பெற்றனர். சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் 'அன்றாடு நற்காசு' என்னும் தொடர் பயில்கிறது. அன்றைய வழக்கில் உள்ள நல்ல காசு என்பது அதன் பொருள். வாளா 'காசு' என்று எழுதாமல் 'நற்காசு' என்று கல்லில் வெட்டியதிலிருந்தே, நல்லதல்லாத காசும் அன்று உலவியது என்பதும், நல்லதைப் பிரித்தறியும் கண்கள் தேவைப்பட்டன என்பதும் விளங்கும்.

அந்த வண்ணக்கர் தொழில் இன்று கடல் கடந்து புதிய உருவம் எடுத்திருக்கிறது. பழங்காசு ஒன்றை உரிய கட்டணத்துடன் அனுப்பினால், அது மெய்யா போலியா என்று ஆராய்ந்து, தேய்மானத்தை மதிப்பிட்டு, 1 முதல் 70 வரை ஓர் எண் இட்டு, கண்ணாடி போன்ற கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அடைத்து, சீட்டுடன் திருப்பி அனுப்பும் நிறுவனங்கள் அமெரிக்காவில் உள்ளன. அவ்வாறு அடைபட்ட காசை வணிகர் 'ஸ்லாப்' என்பர். அரிய காசுகளுக்கு இது பெரும் பயன் தருவது என்பதில் ஐயமில்லை. ஆயின், அரியதல்லாத காசுக்கு? வீடுதோறும் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய ரூபாய்க்கு இந்தத் தரச் சீட்டு வேண்டுமா? பொழுதுபோக்காளரின் கேள்வி போலத் தோன்றும் இது, மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒரு குடும்பத்துக்குக் காதுக் கம்மலை அடகு வைப்பதா வேண்டாவா என்னும் கேள்வியாக வந்து நின்றது. அதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

லேபர் கேம்பில் வந்த வழக்கு

தாராவியைச் சேர்ந்த லேபர் கேம்பை அறியாத மும்பைத் தமிழர் இலர். தமிழும் மராத்தியும் இந்தியும் ஒரே சந்தில் ஒலிக்கும் இடம் அது. நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்றும் இங்கே வாழ்கின்றனர். பழங்காசு சேர்ப்பதில் எனக்குள்ள பற்றை அண்டை அயலார் அறிவர். எவர் வீட்டிலேனும் பரண் ஒழிக்கும்போது காலணாவோ ஓட்டைக் காலணாவோ கிடைத்தால் என்னிடம் கொண்டுவந்து காட்டுவது வழக்கம்.

அவ்வாறு ஒரு நாள் அடுத்த சந்துப் பெரியம்மா வந்தார். உடன் அவருடைய பேரனும் வந்தான். மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து, ஒரு வெள்ளி ரூபாயை என் மேசைமேல் வைத்தார்.

"தம்பி, பேரன் இது லட்சக்கணக்கில் போகும் என்கிறான். மெய்தானா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

பேரன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். 'உங்கள் வீட்டில் இந்த ரூபாய் இருக்கிறதா?' என்று தொடங்கும் அக்காணொளி, பத்து லட்சம் என்று முடிந்தது. இளைஞன் அதை முழுவதும் நம்பிவிடவில்லை. கோட்டைப் பகுதியில் ஒரு காசு வியாபாரியிடம் சென்று விசாரித்திருக்கிறான். அவர், "இப்படியே கொடுத்தால் வெள்ளி விலைதான். அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் போட்டு வாங்கினால் பத்து மடங்கு போகும். கட்டணத்தை முன்பணமாகக் கட்டிவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கூறியிருக்கிறார்.

பெரியம்மாவின் பேத்திக்குச் செவிலியர் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. முதல் தவணைக் கட்டணம் மறுமாதம் கட்டவேண்டும். வீட்டில் பொன்னென்று எஞ்சியிருந்தது ஒரு சோடிக் கம்மல். அதை அடகு வைத்துத் தரம் பார்க்கும் செலவைக் கட்டிவிட்டால், காசு விற்ற பணத்தில் கம்மலையும் மீட்கலாம், கல்லூரிக் கட்டணத்தையும் கட்டலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு சரிதானா என்று கேட்கவே என்னிடம் வந்திருந்தனர்.

ஒரு ரூபாயின் பிறப்பு

காசு 1918ஆம் ஆண்டினது. ஒரு பக்கம் முடி சூடிய ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம். மறுபக்கம் பூங்கொடி வளையத்துக்குள் ஆங்கிலத்திலும் பாரசீக எழுத்திலும் ஒரு ரூபாய் என்னும் பொறிப்பு. அடியில் உள்ள தாமரைப் பூவின் கீழே கடுகினும் சிறிய புள்ளி ஒன்று மேடிட்டு நின்றது. அப்புள்ளியே மும்பைத் தங்கசாலையின் அடையாளம். கல்கத்தாவில் அடித்த ரூபாயில் அது இராது.

லேபர் கேம்பிலிருந்து கோட்டையிலுள்ள தங்கசாலைக்கு மின்ரயிலில் அரைமணிப் பயணந்தான். ஆனால் இந்த ரூபாய் அங்கிருந்து இங்கு வர அரை நூற்றாண்டு பிடித்தது. பெரியம்மாவின் மாமனார் இளமையில் தாராவித் தோல் கூடம் ஒன்றில் வேலை பார்த்து, கூலியில் மிச்சம் பிடித்து ஊருக்குக் கொண்டுபோன ரூபாய்களுள் இது ஒன்று. மற்றவை நிலத்துக்கும் கடனுக்கும் போய்விட, ஒன்றை மட்டும் மாமியார் அடுக்குப் பானையில் போட்டு வைத்திருந்தார். 1968இல் மருமகள் மணமாகி மும்பைக்கு வண்டி ஏறியபோது அதை அவர் கையில் வைத்து அனுப்பினாராம். மும்பையில் பிறந்து, நெல்லைக்குச் சென்று, மீண்டும் மும்பைக்கே வந்து சேர்ந்த காசு இது.

இதன் பிறப்புக்குப் பின்னால் உலக வரலாறே உண்டு. முதல் உலகப் போரின்போது இந்தியாவிலிருந்து பொருள்களும் படைகளும் பெருமளவில் அனுப்பப்பட்டன. அவற்றுக்குரிய பணத்தை மக்கள் வெள்ளி ரூபாயாகவே கேட்டனர். வெள்ளியின் விலை ஏறியது, கையிருப்புக் கரைந்தது. வேறு வழியின்றி 1917 நவம்பர் 30 அன்று அரசு ஒரு ரூபாய்த் தாளை வெளியிட்டது. அத்தாளில் வெள்ளி ரூபாயின் படத்தையே அச்சிட்டனர். காகிதத்தை நம்பாதவர்க்குக் காசின் நிழலையாவது காட்டவேண்டியிருந்தது போலும்!

இந்நிலையில், 1918 ஏப்ரலில் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்னும் சட்டத்தை இயற்றியது. தன் கருவூலத்தில் கிடந்த வெள்ளி டாலர்களில் 35 கோடி வரை உருக்கி விற்க அச்சட்டம் இடமளித்தது. 27 கோடிக்கு மேற்பட்ட டாலர்கள் உருக்கப்பட்டன. அவற்றின் வெள்ளியில் மிகப் பெரும்பகுதி, இந்தியாவின் தேவைக்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. ஒரு டாலரில் உள்ள தூய வெள்ளி ஏறத்தாழ 24 கிராம். நம் ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். அதில் 12 பங்குக்கு 11 பங்கு வெள்ளி. எனவே ஒரு டாலர் வெள்ளியைக் கொண்டு இரண்டேகால் ரூபாய் அடிக்கலாம். பெரியம்மாவின் காசிலும் அமெரிக்க வெள்ளி கலந்திருக்கக் கூடும். அங்கிருந்து வந்த வெள்ளியை, 'இது நல்ல காசுதானா?' என்று கேட்டு மீண்டும் அங்கேயே அனுப்பச் சொல்கிறார் கோட்டை வியாபாரி என்று எண்ணியபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இவ்வாறு வெள்ளி வந்து குவிந்ததால் தங்கசாலைகள் ஓயாமல் இயங்கின. 1918, 1919 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மும்பையில் மட்டும் ஆண்டுக்கு 20 கோடிக்கு மேல் ரூபாய்கள் அடிக்கப்பட்டன. பின்னர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய உயர்மாற்று வெள்ளி ரூபாய்களை அரசு புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்றது. எண்ணற்றவை உருக்கவும் பட்டன. அதற்குப் பிறகும் நாடெங்கும் எஞ்சியிருப்பவை ஏராளம். நூறு ஆண்டு கடந்தது என்பதால் மட்டும் ஒரு காசு அரிதாகிவிடாது. பழமை வேறு, அருமை வேறு. காணொளிகள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டியே மக்களை மயக்குகின்றன. பழைய காசுகளையும் தாள்களையும் வாங்கித் தருவதாகக் கூறித் தன் பெயரால் கட்டணமும் தரகும் கேட்போரிடம் ஏமாற வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது.

எழுபது படிகள்

இனி, தரம் என்பது யாதெனக் காண்போம். 1 முதல் 70 வரையிலான எண் வரிசையை 1949இல் வகுத்தவர் வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர். தம் நாட்டின் பழைய செப்புச் சென்டுகளுக்கு விலை குறிக்க அவர் அதனைக் கையாண்டார். மிகத் தேய்ந்து, இன்ன காசு என்று மட்டும் அறியக்கூடிய நிலையில் உள்ளது 1. குறையே இல்லாதது 70. பின்னாளில் எல்லா நாட்டுக் காசுகளுக்கும் இவ்வரிசை பரவியது. 1986இல் பி.சி.ஜி.எஸ். நிறுவனமும், 1987இல் என்.ஜி.சி. நிறுவனமும் பணி தொடங்கிய பின், உறையும் சீட்டும் உலகச் சந்தையில் வேரூன்றின.

அளவுகோலை வகுத்த ஷெல்டனைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தொகுப்பிலிருந்த உயர்ந்த செப்புக்காசுகளை எடுத்துக்கொண்டு, தரம் குறைந்தவற்றை அவற்றின் இடத்தில் வைத்திருந்தார் என்பது அவர் மறைந்த பின்னர் வெளிப்பட்டது. காசுக்குத் தரம் வகுத்தவர் நாணயத்தில் தவறினார்! இதனால் அளவுகோல் பழுதாகிவிடாது. முழம் போடுகிறவன் எத்தகையவனாயினும் முழம் முழந்தான். எனினும், எண்ணைக் கண்டவுடன் மயங்கிவிடலாகாது என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

தரம் பார்ப்பவர் முதலில் மேடான இடங்களை நோக்குவர். காசு அங்கேதான் முதலில் தேயும். இந்த ரூபாயில் மன்னரின் முடி, காது, புருவம், மேலங்கியில் தொங்கும் யானை ஆகியவை அத்தகைய இடங்கள். அந்த யானைக்கும் ஒரு கதை உண்டு. 1911இல் வெளிவந்த முதல் ரூபாயில் யானை பன்றியைப் போலத் தோன்றியதால் மக்கள் முகம் சுளித்தனர். பெரும்பாலான காசுகளை அரசு வெளிவிடாமல் உருக்கிவிட்டு, மறு ஆண்டில் யானையைத் திருத்தி அடித்தது. பெரியம்மாவின் காசில் யானையின் துதிக்கை தெரிந்தது; காது மழுங்கியிருந்தது; முடியிலுள்ள மணிகள் ஒன்றோடொன்று கலந்திருந்தன. புழங்கித் தேய்ந்த காசுகளின் வரிசையில் 20க்கும் 30க்கும் நடுவே எங்கேனும் நிற்கும் என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் அந்த எண்ணும் அதற்குக் கிட்டாது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, முகம் முழுவதும் மயிரிழை போன்ற கீறல்கள் ஒரே திசையில் ஓடின. காசு கண்ணைப் பறிக்கும் வெண்மையுடன் பளிச்சிட்டது.

"இதைத் தேய்த்துக் கழுவுவீர்களா, பெரியம்மா?" என்று கேட்டேன்.

"பின்னே? வருசா வருசம் பொங்கலுக்குப் புளியும் சாம்பலும் போட்டு விளக்கித்தானே சாமி முன்னால வைப்பேன்" என்றார் பெருமையோடு.

வெள்ளிக் காசின்மேல் காலப்போக்கில் படியும் கருமையைத் தரம் பார்ப்போர் அழுக்காகக் கருதுவதில்லை. அது காசின் இயற்கையான தோல். புளியும் சாம்பலும் அந்தத் தோலை உரித்துவிடுகின்றன. அத்தகைய காசுக்கு எண் இடமாட்டார்கள். 'கழுவப்பட்டது' என்னும் குறிப்பை மட்டும் எழுதி உறையிலிடுவர். சந்தையில் அக்குறிப்பு ஒரு குறையே. பழைய காசுமாலையிலிருந்து எடுத்த, வளையம் பற்றவைத்த தழும்புள்ள காசுக்கும் இதே நிலைதான். அந்நாளில் சராப்புகள், 'இது நல்ல காசு' என்று சோதித்து இட்ட சிறு முத்திரைத் தழும்புகளையும் பல சமயம் இன்று குறையாகவே கொள்கின்றனர். ஒரு காலத்துச் சான்று மற்றொரு காலத்துக்கு வடுவாகிறது. பூசைக்காக விளக்கிய கை, வாணிகக் கண்ணுக்குக் கெடுத்த கையாகத் தெரிகிறது. இதில் யார்மீதும் குற்றம் இல்லை. வீட்டின் அளவுகோல் ஒன்று, சந்தையின் அளவுகோல் மற்றொன்று.

வரவும் செலவும்

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்கை மட்டும் பார்ப்போம். தரம் பார்க்கும் கட்டணம், போக வர அஞ்சல் செலவு, காப்பீடு, இடையில் நிற்பவரின் கூலி ஆகிய நான்கும் சேர்ந்ததே செலவு. காசு உயர்ந்ததோ தாழ்ந்ததோ, இச்செலவு பெரிதும் மாறாது. தேய்ந்த பொதுக்காசு ஒன்றின் விலையை இச்செலவே எட்டிவிடும். பல வேளை மிஞ்சியும் விடும்.

எடுத்துக்காட்டாக, காசு உள்ளபடியே 100 பங்கு விலை போகும் என்றும், தரச் சீட்டுக்கு 120 பங்கு செலவாகும் என்றும் வைத்துக்கொள்வோம். செலவுக்கு ஈடாவதற்கே அது 220 பங்குக்கு விற்கவேண்டும். 'கழுவப்பட்டது' என்னும் குறிப்புள்ள காசை 220 கொடுத்து வாங்குபவர் யார்? உறையில்லாமல் அதே போன்ற காசு 100க்குத் தாராளமாகக் கிடைக்கும்போது, சீட்டுக்காக எவரும் கூடுதல் கொடுக்கமாட்டார். பிளாஸ்டிக் உறை காசின் விலையை ஏற்றுவதில்லை. காசைப் பற்றிய ஐயத்தைத் தீர்க்கிறது. ஐயம் எங்கே பெரிதாக உள்ளதோ, அங்கே அதைத் தீர்ப்பதற்கும் பெரிய விலை உண்டு. 1918ஆம் ஆண்டின் தேய்ந்த ரூபாயில் ஐயப்பட என்ன இருக்கிறது? எடையும் விளிம்பும் மாற்றும் பார்த்தால் உள்ளூரிலேயே உண்மை விளங்கிவிடும். நான் நிறுத்துப் பார்த்தபோது, நூறு ஆண்டுத் தேய்மானம் போக 11.4 கிராம் இருந்தது. வெள்ளி மெய்யானது, அடிப்பும் மெய்யானது. அதற்குமேல் அறியவேண்டியது ஒன்றுமில்லை.

கணக்கையும் விடப் பெரிய தடை ஒன்று இருந்தது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1976 முதல் நடைமுறையில் உள்ளது. அச்சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுடைய நாணயம் தொல்பொருளாகும். மத்திய அரசும் அது அதிகாரம் அளித்த அமைப்பும் அன்றி வேறு எவரும் அதனை நாட்டைவிட்டு வெளியே அனுப்பலாகாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 1918ஆம் ஆண்டுக் காசு 2018இலேயே அந்த எல்லையைக் கடந்துவிட்டது. எத்துணை எளிய காசாயினும் சட்டத்தின் முன் அது தொல்பொருளே. 'அமெரிக்காவுக்கு அனுப்பித் தருகிறேன்' என்று வியாபாரி சொன்ன சொல்லுக்குள் இத்தனை ஆபத்து ஒளிந்திருந்தது. உள்நாட்டிலேயே தரம் பார்த்துத் தர முன்வருவோரும் உளர். அவர்களிடம் செல்வதாயினும் மேற்சொன்ன வரவு செலவுக் கணக்கு மாறப்போவதில்லை.

அப்படியாயின் தரச் சீட்டு எப்போதுமே வீண்தானா? அவ்வாறு சொல்வதும் தவறு. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939ஆம் ஆண்டு ரூபாயை எண்ணிப் பாருங்கள். மும்பையில் அடிக்கப்பட்ட அது, புழக்கத்துக்கு மிகச் சிலவே வந்ததால், காசு சேர்ப்போர் ஏங்கும் பொருளாகிவிட்டது. அதனாலேயே அதற்குப் போலிகளும் மிகுதி. அத்தகைய காசு கையில் இருந்தால், வல்லுநர் தீர்ப்புப் பெறாமல் வாங்குவதும் விற்பதும் பேதைமை. அதற்கு நூறு ஆண்டும் நிறையவில்லையாதலால் மேற்சொன்ன தடையும் இன்னும் எழவில்லை. எளிய ஆண்டுக் காசாயினும், அடித்த அன்றே எடுத்து வைத்ததுபோல் சற்றும் தேயாமல், கழுவாமல், இயற்கை ஒளியோடு இருப்பின் அதுவும் தரம் பார்க்கத் தக்கதே. 62க்கும் 65க்கும் இடையேயுள்ள மூன்று படிகளில் விலை பல மடங்கு ஏறிவிடும். 20க்கும் 23க்கும் இடையே அத்தகைய ஏற்றம் இல்லை.

ஆகவே கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு. மெய்யா போலியா என்னும் ஐயம் காசின்மேல் உண்டா? ஒரு படி ஏறினால் கூடும் விலை, செலவை விடப் பெரிதா? விற்கப் போகிறோமா, வைத்திருக்கப் போகிறோமா? அனுப்புவதற்குச் சட்டம் இடம் தருகிறதா? பெரியம்மாவின் காசை இந்நான்கு கேள்விகளுக்கும் முன் நிறுத்தினேன். விடை ஒவ்வொன்றும் 'வேண்டாம்' என்றே வந்தது.

சீட்டில் எழுதாதது

இதையெல்லாம் அவர்களுக்கு விளக்கிச் சொல்ல ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. பேரன் விரைவிலேயே புரிந்துகொண்டான். பெரியம்மாவுக்கோ முத்திரையிட்ட சீட்டின்மேல் இருந்த பற்று எளிதில் விடவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024இல் தொடங்கியது முதல் எங்கள் பக்கத்தில் காலையும் மாலையும் ஒலிக்கும் மராத்திச் சொற்கள் 'பாத்ர', 'அபாத்ர' என்னும் இரண்டே. தகுதியுடையவர், தகுதியற்றவர் என்பது பொருள். 2000ஆம் ஆண்டு ஜனவரி 1க்கு முன்பே இங்கே குடியிருந்ததற்குச் சான்று காட்டுவோர் ஒரு வரிசை. காட்டமுடியாதோர் வேறு வரிசை. பழைய மின்கட்டணச் சீட்டையும் ரேஷன் அட்டையையும் உயிர்போலக் காத்துவரும் ஒருவருக்கு, சீட்டில்லாத பொருளுக்கு மதிப்பில்லை என்று தோன்றுவது இயல்பே அன்றோ? மாமனார் காலம் முதல் தம் குடும்பம் இந்த ஊரில் உழைத்ததற்குக் கண்ணால் காணக்கூடிய சாட்சி இந்த ரூபாய்தான். அதை எந்த அலுவலகமும் சான்றாக ஏற்காது. அமெரிக்காக்காரனாவது ஒரு சீட்டு எழுதித் தரட்டுமே என்னும் ஏக்கம் அவர் பேச்சின் அடியில் இருந்தது.

ஆனால் அந்தச் சீட்டு என்ன எழுதும்? ஒரு ரூபாய், 1918, மும்பை, கழுவப்பட்டது. அவ்வளவே. யார் கூலியாகப் பெற்றது, எந்த ஊர்ப் பானையில் கிடந்தது, எந்த மருமகள் கையில் வந்தது என்பவை அதில் இரா. அவற்றை எழுத வல்லவர் உலகில் ஒருவரே. அவர் என் எதிரே அமர்ந்திருந்தார்.

காசின் பெருமை அதன் பளபளப்பில் இல்லை என்பதற்குத் தமிழகத்திலேயே சிறந்த சான்று உண்டு. தினமலர் ஆசிரியராக விளங்கி 2021இல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள், 1980களில் சிறிய சதுரச் செப்புக்காசு ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்னும் பெயரைக் கண்டு உலகுக்கு உரைத்தார். சங்கப் பாண்டியர் பெயர் சொல்லும் அந்தக் காசுக்குப் பெருமை தந்தது 70 படிகளில் அது எந்தப் படி என்பதன்று. அதில் என்ன எழுதியிருக்கிறது, யாருடையது என்னும் செய்தியே அதனை உயர்த்தியது. நம் வீட்டுக் காசுகளும் அத்தகையனவே. ஒரே வேறுபாடு, அவற்றின் செய்தி காசின்மேல் பொறிக்கப்படவில்லை. வயது முதிர்ந்தோரின் நினைவில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்நினைவு மறைந்தால் காசு வெறும் 10.7 கிராம் வெள்ளியாகிவிடும்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்தபின் பெரியம்மா ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பெட்டிக்குள்ள போட்டு அடைச்சிட்டா, பொங்கலுக்கு எப்படித் தம்பி விளக்குறது?"

நான் அடுக்கிய காரணங்கள் அனைத்தையும்விட அவருக்கு இதுவே பெரிய காரணமாகப் பட்டது. காசை அவர் முடிச்சிட்டு எடுத்துக்கொண்டார். 'இனிப் புளி போட வேண்டாம், மெல்லிய துணியால் துடைத்தாலே போதும்' என்று நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. விற்பனைக்கு இல்லாத காசுக்குச் சந்தையின் விதிகள் எதற்கு?

கம்மல் அடகுக்குத்தான் போயிற்று. ஆனால் தரம் பார்க்கும் கட்டணத்துக்காக அன்று, கல்லூரிக் கட்டணத்துக்காகப் போயிற்று. மீட்க முடியுமா என்பது இனிமேல் தெரியவேண்டியது. கடன் சுமையில் ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. வீணாகக் கூடவிருந்த ஒரு சுமை மட்டும் கூடாமல் நின்றது. எளிய குடும்பங்களுக்கு அறிவு செய்யும் உதவி பல வேளைகளில் இவ்வளவே. அது சிறிய உதவி அன்று.

கல்லூரி செல்லுமுன் பேத்தி ஒரு காரியம் செய்தாள். பாட்டியை உட்காரவைத்து, காசின் வரலாற்றைக் கேட்டு, நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றில் எழுதினாள். பூட்டனார் வேலை பார்த்த இடம், ஊரின் பெயர், பானையில் வைத்த பூட்டியின் பெயர், 1968ஆம் ஆண்டு, எல்லாம் அதில் உண்டு. அடியில் பாட்டி பெருவிரல் ரேகை வைத்தார். அத்தாள் இப்போது காசுடன் மஞ்சள் துணிக்குள் இருக்கிறது.

இம்மலரைப் படிக்கும் அன்பர் பலர் வீட்டிலும் இத்தகைய காசு ஒன்றேனும் இருக்கும். விக்டோரியா அரசியின் ரூபாயோ, கும்பினியார் காலணாவோ, எதுவாயினும் சரி. அதைத் தரம் பார்க்க அனுப்பலாமா என்னும் ஆசை எழுந்தால், மேலே கூறிய நான்கு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர்க்கு விடை 'வேண்டாம்' என்றே வரும். வந்தபின், வீட்டில் மூத்தவர் எவரேனும் இருந்தால் அவர் அருகில் அமர்ந்து, அது எப்படி வந்தது என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி, நாளும் ஆண்டும் இட்டு, காசோடு சேர்த்து வையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. காலதாமதம் மட்டும் கூடாது.